சவுக்குத் தோப்பின் தீச் சரித்திரம்

எனக்கு இருபத்தொரு வயதானபோது ஒரு காட்டில் வேலை கிடைத்தது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அதுவரை நான் பார்த்த பெரிய மரக்கூட்டம், ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் வாசலில் நின்ற மூன்று பூவரச மரங்கள்தான்.

அதைக் காடு என்று சொன்னவர் எங்கள் ரேஞ்சர் ஒருவர்தான். ஊருக்கு அது எண்ணூர் சவுக்குத் தோப்பு. கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதை, வடக்கே உப்பங்கழி கடலில் கலக்கும் முகத்துவாரம். நடுவில் கோடு போட்டு நட்ட மாதிரி வரிசை வரிசையாகச் சவுக்கு. ரேஞ்சர் அதற்கு முன்பு மலையில் யானைக் காட்டில் இருந்தவர். எதற்காகவோ அவரைக் கடலோரத்துக்கு மாற்றிவிட்டார்கள். யானையோடு பழகிய மனிதர் சவுக்கு வரிசைகளைப் பார்த்துக் கொஞ்ச நாள் பேச்சில்லாமல் இருந்தாராம். பிறகு, இதுவும் ஒரு வனம்தான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். "வன விலங்குகளுக்குத் தீனி போடாதீர்கள்" என்று ஒரு பலகை எழுதி நட்டார். தோப்பில் இருந்த விலங்குகள் சில நரிகள், சில கீரிகள், காவல்காரர் வளர்த்த ஏழு கோழிகள்.

அவரிடம் வெளிநாட்டுத் தேசியப் பூங்காக்களைப் பற்றிய ஒரு படப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு படத்தில், பூங்கா வாசலில் தொப்பி போட்ட ஒருவர் நின்று, வந்தவர்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். வழி சொல்வது, விதி சொல்வது, அந்தக் காட்டில் எப்போதெல்லாம் தீப்பிடித்தது என்று சரித்திரம் சொல்வது எல்லாம் அவர் வேலை என்று ரேஞ்சர் எனக்கு விளக்கினார். அந்தப் படத்திலிருந்துதான் என் உத்தியோகம் பிறந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருந்தது, இங்கிலீஷ் தடுக்கித் தடுக்கி வந்தது. ஆறு மாதத்துக்குத் தற்காலிக வேலை. பதவியின் பெயர் தகவல் எழுத்தர். தொப்பி மட்டும் தரவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா, "காட்ல பொம்பளப் புள்ளைக்கு இன்னா வேல?" என்று கேட்டாள். நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். எதையும் உயரத்திலிருந்து பார்த்துப் பழகியவர், எளிதில் கலங்கமாட்டார். "எந்தக் காடு?" என்று கேட்டார். எண்ணூர் சவுக்குத் தோப்பு என்றேன். சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார். மகள் ரயிலேறி வேலைக்குப் போகப்போகிறாளே என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் ராயபுரத்தில் பாசஞ்சர் ஏறி எண்ணூரில் இறங்கி, மணலில் நடந்து, தோப்பின் மேற்கு வாசலில் இருந்த ஓலைக் கொட்டகையில் உட்காருவேன். வார நாட்களில் சருகு பெருக்கும் பெண்களையும் காக்கைகளையும் தவிர யாரும் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டணமே வந்து இறங்கும். தெற்கு ஜில்லாக்களிலிருந்து வந்து கடை வைத்திருந்த வியாபாரக் குடும்பங்கள் ஐந்தடுக்கு டிபன் கேரியர்களோடு வருவார்கள். காலேஜ் பையன்கள் கூட்டமாக வருவார்கள். ரயில்வே குடும்பங்கள் ஜமக்காளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அவர்கள் கேட்பதற்கென்று நான் நிறைய தகவல் படித்து வைத்திருந்தேன். சவுக்கு எத்தனை வருஷத்தில் வளரும், முகத்துவாரம் எந்த மாதம் மணல் மூடிக்கொள்ளும், எந்த இடத்தில் குளிக்கலாம், எங்கே சுழல் இருக்கிறது எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் வந்தவர்கள் கேட்டதெல்லாம் வேறு. புலியை எந்தப் பக்கம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒரு பெரியவர், சமுத்திரத்தை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் ஒரு மரியாதை இருந்ததால், ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டேன். நேரத்தோடு கிளம்பிப் போய்விட்டார்.

விதிகளில் முக்கியமானது, தோப்புக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்பது. சவுக்குச் சருகு முழங்கால் உயரத்துக்கு மெத்தை மாதிரி கிடக்கும். கோடையில் அதன் மேல் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பையிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எடுத்துப் பம்ப் அடிக்க ஆரம்பிப்பார்கள். நெருப்பு கூடாது என்று சொன்னேனே என்றால், இது நெருப்பில்லை, ஸ்டவ்வு என்பார்கள்.

இந்த ஸ்டவ்வுக்காரர்களின் தொல்லை தாங்காமல்தான் ரேஞ்சர் அந்தப் பலகை யோசனைக்கு வந்தார். கொட்டகையின் பக்கத்தில் ஒரு பெரிய கரும்பலகை. அதில் வெள்ளைப் பெயிண்டால் இந்த வனத்தின் தீச் சரித்திரம். யுத்த காலத்தில், குண்டு விழும் என்று பட்டணம் காலியான அந்தக் கோடையில், தோப்பில் பாதி எரிந்துபோனது என்று அவருக்குக் கேள்வி. அது எப்படி ஆரம்பித்தது, எப்படிப் பரவியது என்று எழுதி வைத்துவிட்டால், படிக்கிறவன் ஸ்டவ்வைத் திரும்பப் பைக்குள் வைத்துவிடுவான் என்று அவர் உறுதியாக நம்பினார்.

ஆபீஸின் பழைய காகிதக் கட்டைத் தேடி எடுத்தோம். எரிந்த மரங்களின் எண்ணிக்கை வரைக்கும் இருந்தது. "தீக்குக் காரணம்" என்று எழுதிய இடத்திலிருந்து பக்கத்தின் கடைசி வரை கரையான் தின்றிருந்தது.

"நீங்கள் போய் விசாரித்து எழுதுங்கள்," என்றார் ரேஞ்சர். "பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள்."

பார்த்தவர்கள் இருந்தார்கள். அதுதான் சிக்கல். கழியில் படகு ஓட்டுகிறவரைக் கேட்டேன். ஜப்பான்காரன் விமானத்திலிருந்து நெருப்பைக் கொட்டினான் என்றார். விமானத்தைப் பார்த்தீர்களா என்றதற்கு, புகையாக இருந்தது, எப்படித் தெரியும் என்று என்னையே கேட்டார். ஆனால் ஒன்று சொன்னார். காலையில் கடல் பக்கம் போன புகை, உச்சிவேளையில் திரும்பி அவர் குப்பத்து மேலேயே வந்ததாம்.

சருகு பெருக்கும் பெண்களில் மூத்தவள், அது கொள்ளிவாய்ப் பிசாசின் வேலை என்றாள். அவள் தங்கை, பிசாசு இல்லை, பட்டாளத்துக்காரன் பீடி என்றாள். அக்காளுக்கும் தங்கைக்கும் என் முன்னாலேயே சண்டை வந்துவிட்டது. சண்டைக்கு நடுவில் இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: கஞ்சி குடிக்கும்வரை தீ கடலைப் பார்த்துப் போனது, கஞ்சி குடித்து எழுந்தால் தங்களைப் பார்த்து வந்தது. இதையும் குறித்துக்கொண்டேன். காலையில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, உச்சியில் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். கடலோரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், எழுதி வைத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றியது.

கடைசியாகத் தோப்புக் காவல்காரரிடம் போனேன். முகத்துவாரக்குப்பத்துக்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டுக் காவலுக்கு வந்தவர். சிரித்துப் பார்த்ததில்லை. நான் கேட்டதும், தன் குடிசைப் பக்கம் திரும்பி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"பத்து வருசமா ஒர்த்தரும் கேக்கல," என்றார். "எங்கிட்ட சாட்சி கீது."

குடிசைக்குப் பின்னால் கோழிகள் ஒரு பித்தளைக் குண்டானைச் சுற்றி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் தீயில் கறுத்து, விளிம்பு நசுங்கியிருந்தது. தீ அணைந்த மறுநாள், ஒரு மரத்தடியில் மூன்று கல்லுக்கு மேல் அது அப்படியே உட்கார்ந்திருந்ததாம். உள்ளே நண்டு கரிந்து கிடந்ததாம். வந்து கேட்டால் கொடுக்கலாம், கேட்டதும் ஆளைப் போலீசில் பிடித்தும் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தாராம். யாரும் வரவில்லை. பிறகு கோழிகளுக்குப் பயன்பட்டது.

அவர் தண்ணீரைக் கொட்டிக் குண்டானைத் திருப்பிக் காட்டினார். "பேரு வெட்டிக்கீது பாரு. எனுக்குப் படிக்கத் தெரியாது. நீ படிச்ச பொண்ணு."

படித்தேன். நான்கெழுத்துப் பெயர். மூன்று எழுத்து ஒரே வரிசையில் இருந்தது. இடம் போதாமல் நாலாவது எழுத்து கீழே இறங்கி, தனியாகக் கோபித்துக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணத்துப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் அவள் பெயர் அப்படித்தான் இருக்கும். வெட்டியவன் எல்லாவற்றிலும் அதே தப்பைச் செய்திருந்தான்.

அந்தக் குண்டானின் கதை எனக்கு ஏற்கெனவே தெரியும், வேறு மாதிரி. பட்டணம் காலியானபோது அம்மா எங்களை அழைத்துக்கொண்டு அரக்கோணத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். துறைமுக ஆட்களைப் போக விடவில்லை என்பதால் நைனா இங்கேயே இருந்தார். அவர் ஷிப்ட்டுக்குப் போகும்போது வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் குண்டானைக் காணோம். அம்மா கேட்டதற்கு நைனா, "சாவி பக்கத்து வூட்லதான கெடந்துச்சி," என்று மட்டும் சொன்னார். அன்றோடு அம்மாவும் அந்த அக்காவும் பேச்சை நிறுத்தினார்கள். பத்து வருஷம். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே பெஞ்சில் முழங்கால் போட்டுப் பூசை கண்டார்கள், ஒரு வார்த்தை கிடையாது.

குண்டானைக் கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று காவல்காரரிடம் கேட்டேன். அவர் அதைத் திரும்பக் கோழிகளுக்கு முன்னால் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். சாட்சியை உரியவர் கையில்தான் கொடுப்பார், உரியவர் நேரில் வரவேண்டும் என்றார்.

சாயங்காலம் வீட்டில் அம்மா மாவரைத்துக்கொண்டிருந்தாள். நைனா வாசலில் பீப்பாய் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நைனா, தோப்புல நண்டு சுட்டது யாரு?"

அவர் டீயைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். "நண்டு இல்ல," என்றார் மெதுவாக. "எறா."

அப்புறம் எல்லாம் வந்தது. வீட்டில் பெண்கள் இல்லாமல் வெறுத்துப்போன ஆறு துறைமுகத்துக்காரர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குக் கிளம்பினார்கள். குப்பத்தில் இறால் வாங்கினார்கள். நைனா குண்டானை எடுத்துப் போயிருந்தார். அடுப்பை மூட்டிவிட்டு, கொதிக்கட்டும் என்று எல்லாரும் கடலில் இறங்கிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் கரையில் மரங்களுக்கு நடுவே புகை. பனியனை நனைத்து அடித்தும் பார்த்தார்கள். பிறகு கழியில் விழுந்து அக்கரைக்கு நீந்திப் போனார்கள்.

"யுத்த டைமு. தீ வெச்சவன்னு தெரிஞ்சா புட்ச்சி உள்ள போட்டுடுவான். ஆறு பேரும் மாதா மேல சத்தியம் பண்ணிகினோம், சொல்றதில்லன்னு."

"சரி, யுத்தம் முடிஞ்சு போச்சே. அப்பால?"

"போலீசு பயம் ஒரு வருசத்துல பூட்ச்சி," என்றார் நைனா. "உங்கம்மா பயம் போவல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. தோப்பு எரிந்ததை நான் மன்னிக்கத் தயார். சாவியைக் காட்டிப் பக்கத்து வீட்டு அக்காமேல் பழி போட்டதை மன்னிக்க என்னால் முடியவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் கறுத்த கைகளைத் தொடைமேல் தேய்த்துக்கொண்டே இருந்தார். தான் பழி போடவில்லை, சாவி எங்கே இருந்தது என்றுதான் சொன்னதாக முதலில் வாதாடினார். பிறகு அந்த வாதம் தனக்கே பிடிக்காமல் நிறுத்திவிட்டார். சனிக்கிழமைக்குள் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பலகையில் படிப்பாள் என்றேன்.

சொன்னார். வெள்ளிக்கிழமை, அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, கொடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஈரப் புடவை ஒன்றை நடுவில் மறைவாக வைத்துக்கொண்டு சொன்னார். அம்மா முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"குண்டான் கீதா?"

"கீது. கோழி தண்ணி குடிக்குது."

"அன்னிக்கு ஞாயித்துக்கெழமன்னியே. பூசைக்குப் போனியா?"

நைனா புடவைக்குப் பின்னாலேயே நின்றார். அம்மா கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் சுவரோரம் நின்று காது கொடுத்தேன். ரொம்ப நேரம் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. பிறகு அந்த அக்கா பேசினார்.

"பத்து வருசமா உன் சத்தம் இல்லாம வூடே பேஜாரா கெடந்துச்சி. போனா போவுது. ஆனா அந்தக் குண்டான என் கண்ணால பாக்கணும்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக எண்ணூர் போவதென்று முடிவானது. நைனாவோடு அம்மா பேசவில்லை. என்ன சொல்லவேண்டுமோ அதை அந்த அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பினாள்.

இதற்குள் நான் பலகையை எழுதி முடித்திருந்தேன். காரணம் என்ற இடத்தில், குண்டானைப் பார்த்த அன்று மத்தியானமே, பாதி என் ஊகமாகவும் பாதி காவல்காரர் சொன்னபடியும், "துறைமுகத் தொழிலாளர் சிலர் நண்டு சமைத்ததால்" என்று எழுதியிருந்தேன். எழுதியபோது நைனாவிடம் இன்னும் கேட்டிருக்கவில்லை. பெயிண்ட் காய்ந்துவிட்டது. ரேஞ்சரிடம் உண்மையைச் சொல்லி, வேலையை விட்டுவிடவா என்று கேட்டேன். அவர் ஏன் என்றார். சற்று யோசித்துவிட்டு, உங்கள் அப்பா ஞாயிறுதோறும் வந்து பலகை பக்கத்தில் நிற்பாரா என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவர் படப் புத்தகத்தில் எந்தக் காட்டுக்கும் இப்படி ஒரு வசதி இல்லையாம்.

ஞாயிறு முதல் பூசை முடிந்து வந்து சேர்ந்தோம். நைனா பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தார். "நண்டுன்னே போட்டுகீற," என்றார். நான் முன்பே சொல்லி எல்லாம் தெரிந்திருந்த காவல்காரர் குண்டானைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நைனாவை ஏற இறங்கப் பார்த்தார். பத்து வருஷமாக அவர் மனதில் சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் இப்போது வரப்போகிறது என்று நான் நைனாவின் பக்கத்தில் போய் நின்றேன். எரிந்த மரத்துக்கெல்லாம் மேலிடத்தில் பதில் சொன்னவர் அவர்.

"நீந்தியா போனீங்கோ?" என்றார் காவல்காரர். "அந்தச் சுழிலயா?"

நைனா தலையாட்டினார்.

"பொயச்சது பெரிசு," என்றார் அவர். அவ்வளவுதான்.

மணி பத்தரை இருக்கும். அப்போதுதான் சருகு பெருக்கும் பெண்களில் இளையவள் தெற்கிலிருந்து ஓடி வந்தாள். நடுத்தோப்பில் புகை. நாங்கள் திரும்பிப் பார்க்கும்போதே மர உச்சிகளுக்கு மேலே அது கடலைப் பார்த்துச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

அன்று தோப்பில் அறுபது எழுபது பேராவது இருந்திருப்பார்கள். எல்லாரும் கூடைகளையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு, வந்த வழியே வாசலுக்கு ஓடி வந்தார்கள். தீ கிழக்கே போகிறது, நாம் மேற்கே நிற்கிறோம், வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், ரயில் வந்ததும் போகலாம் என்பது அவர்கள் எண்ணம். சிலர் என் கொட்டகை நிழலில் ஜமக்காளத்தை விரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

குறித்து வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான் விசாரித்தவர்களில் ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. உச்சியில் தீ திரும்பியது என்பதைத் தவிர. அது திரும்பினால் நேரே இங்கேதான் வரும். வாசலுக்கு வெளியே ஸ்டேஷன் வரைக்கும் காய்ந்த புல். வடக்கே போனால் முகத்துவாரம். அங்கே வெறும் மணலும் தண்ணீரும்தான், எரிவதற்கு ஒன்றுமில்லை.

குடையை விரித்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் வடக்கே நடங்கள் என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. ஐந்தடுக்குக் கேரியர் வைத்திருந்த ஒரு முதலாளி பொறுமையாக எனக்கு விளக்கினார். "ஏம்மா, தீ அங்கிட்டுல்லா போகுது? நாம எதுக்கு அதைச் சுத்திக்கிட்டு வடக்க போகணும்?" கூட்டம் அவர் பக்கம் தலையாட்டியது. அவர் குரல் கனமாக இருந்தது. என் குரல் கீச்சென்று இருந்தது. நான் தகவல் எழுத்தர் என்று சொல்லிப் பார்த்தேன். அது உதவவில்லை.

நைனா முன்னால் வந்தார். கிரேன் மேலிருந்து கப்பல் தளத்துக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது.

"சார், இந்தப் பலகையில எய்தியிருக்குதே தீ, அத்த வெச்சவன் நான். பன்னண்டு மணிக்கு இது திரும்பும். திரும்பி இங்கதான் வரும். நான் பாத்தேன்."

ஒரு நிமிஷம் எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள், நைனாவைப் பார்த்தார்கள். முதலாளி கேரியரைத் தூக்கிக்கொண்டார். அவர் மனைவி ஏற்கெனவே வடக்கே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

பெண்களையும் குழந்தைகளையும் நான் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனேன். காவல்காரர், நைனா, காலேஜ் பையன்கள், எங்கிருந்தோ சைக்கிளில் வந்து சேர்ந்த ரேஞ்சர் எல்லாரும் தோப்பின் நடுவே போன வண்டிப் பாதையில் நின்று, சருகை வாரி ஒதுக்கி, பச்சைக் கிளைகளால் தீயை அடித்தார்கள். நாங்கள் மணல் திட்டில் உட்கார்ந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கடலின் மேல் போய்க்கொண்டிருந்த புகை முதலில் நின்றது. நேராக மேலே எழும்பியது. பிறகு மெல்ல, யாரோ தோளைப் பிடித்துத் திருப்பியது போல, மேற்கே சாய்ந்தது. நான் எதிர்பார்த்ததுதான், ஆனாலும் எழுந்து நின்று பார்த்தேன்.

குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழ ஆரம்பித்தன. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் எழுந்தார்கள். குண்டானை மணல் போட்டுத் தேய்த்தார்கள், கழுவினார்கள், மறுபடி தேய்த்தார்கள். "இன்னும் ஒருவாட்டி. கோழி கலீஜ் பண்ணது," என்று அந்த அக்கா சொல்லச் சொல்ல, அம்மா ஏழெட்டு முறை தேய்த்தாள். குப்பத்துக் கிணற்றிலிருந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஐந்தடுக்குக் கேரியர் திறக்கப்பட்டது. எலுமிச்சைச் சாதம் திட்டு முழுவதும் கைமாறியது. அன்று நல்ல சாப்பாடு.

மூன்று மணிக்குத் தீ வண்டிப் பாதையோரமும் ரயில் மேட்டோரமும் அடங்கியது. யாருக்கும் காயமில்லை. நைனாவுக்கு ஒரு பக்கத்துப் புருவம் பொசுங்கியிருந்தது. சவுக்கில் மூன்று தொகுதியும், மேற்கு வாசலும், என் கொட்டகையும், நாற்காலியும், பெயிண்ட் காய்ந்த பலகையும் போயின. கரி பூசிய முகத்தோடு நைனா திட்டுக்கு வந்தபோது, அம்மா குண்டானில் மிச்சமிருந்த தண்ணீரை அவரிடம் நேராக நீட்டினாள். யார் மூலமாகவும் அனுப்பவில்லை. "அந்த எறா வெந்துச்சா இல்லியா?" என்று கேட்டாள். தெரியாது, திரும்பிப் போகவில்லை என்றார். "புருவம் வளர்றவரைக்கும் பூசைக்கு முன்வரிசையில ஒக்காராத," என்றாள். பத்து நாளைக்குள் வீட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டோடு மட்டும் பழையபடி இல்லை. பத்து வருஷத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினார்கள். எங்களால் தூங்க முடியவில்லை.

புதுத் தீக்குக் காரணம் என்ன என்று ரேஞ்சர் கேட்டார். மறுபடி விசாரிக்கப் போனேன். வந்த ஸ்டவ்வுக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் ஸ்டவ்வைப் பற்றவே வைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். படகுக்காரர் இந்த முறையும் விமானத்தைச் சொன்னார், யுத்தம் முடிந்து இத்தனை வருஷமாகியும். ஒரே வாரத்தில் குப்பத்தில் நான்கு கதை உலவியது. அதில் ஒன்றில், குடை பிடித்த ஒரு பெண் வந்து ஏதோ கத்தியதும் தீப்பற்றிக்கொண்டதாக இருந்தது. "காரணம்: தெரியவில்லை. உச்சியில் காற்று திரும்பியது" என்று எழுதிக் கொடுத்தேன். ரேஞ்சர் இரண்டாவது வாக்கியத்தின் கீழே கோடு போட்டார்.

என் வேலையை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டித்தார்கள். புதுக் கொட்டகை போட்டு முடித்த அன்று ரேஞ்சர் எனக்கு ஒரு பித்தளை விசிலைக் கொடுத்தார். இனிமேல் கத்தவேண்டாம், யாராவது நெருப்பு எடுப்பதைப் பார்த்தால் ஊதுங்கள், அது யாராக இருந்தாலும் சரி என்றார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் புதுக் கூரையைச் சுற்றிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்துத் தீக்குச்சியை உரசினார்.

நான் ஊதினேன்.